கறுந்திரை இயல்: ஓர் உரை

லினக்ஸ் நிறுவி முடித்தபின் திரை இருண்டு நிற்பதைக் கறுந்திரை என்க. பென்ட்ரைவில் ஓட்டிப் பார்த்தபோது தெளிவாக வந்த படம், நிறுவி மறுபடி தொடக்கியதும் மறைந்துவிடுவதும் உண்டு. எனவே இதை மாயநோய் என்பாரும் உளர்.

நோய்முதல் பற்றிப் பாப்பாமோட்டையில் வழங்கும் கொள்கைகள் மூன்று. மன்னார்–பூநகரி வீதியோரத்து வீடொன்றில், வெளிநாட்டு உறவினர் கொடுத்துவிட்ட பழைய லேப்டொப்பைச் சூழ்ந்து நின்றோர் வாயிலாக இவை கிட்டின. முதலாவது உப்புக்காற்றுக் கொள்கை. “தகரக் கூரையே நிண்டுபிடிக்குதில்லை, உது பிடிக்குமே தம்பி?” என்பது அதன் மூலவாக்கியம். இரண்டாவது கறண்ட் கூடிக் குறைந்தது என்பது. இரண்டும் பொருந்தா. இயந்திரம் எழும்போது தயாரிப்பாளரின் சின்னம் பளிச்சென்று தெரிகிறதே! உப்புப் பிடித்த திரை சின்னத்தை மட்டும் தெரிந்தெடுத்துக் காட்டாது. மூன்றாவது, “நல்லா இருந்ததை ஏன் அழிச்சனீ?” என்னும் அம்மம்மாவின் கொள்கை. இதற்கு மறுப்பு இன்றுவரை கிடைத்திலது.

பெரும்பாலும் குற்றம் கிராஃபிக்ஸ் கார்டும் லினக்ஸின் கருவாகிய கர்னலும் ஒத்துப்போகாமையே. என்விடியா கார்டுகளின் உள்விவரம் நெடுங்காலம் வெளிவராததால், ஆர்வலர்கள் அவற்றின் நடத்தையைத் துருவித்தான் அவற்றை இயக்கும் நுவோ என்னும் டிரைவரை எழுதினர். அது 2010இல் 2.6.33 கர்னலில் சேர்ந்தது. லினக்ஸின் கர்த்தா லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசும்போது அந்நிறுவனத்துக்கு நடுவிரலைக் காட்டினார். இவ்வளவு சுருங்கச் சொன்ன நூற்பா தமிழிலும் இல்லை.

இனிப் பரிகாரம். இயந்திரம் எழும்போது ஷிஃப்டையோ எஸ்கேப்பையோ அழுத்தினால் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப்பின் பட்டியல் வரும். அங்கே ‘ஈ’ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ எனச் சேர்த்து, எஃப்10 அழுத்துக. கர்னல் திரையில் கைவைக்காது, ஃபர்ம்வேர் விட்டுச்சென்றபடியே எழும்பும். அவ்வரியில் ஏற்கெனவே குந்தியிருக்கும் ‘குவயட் ஸ்பிளாஷ்’ இரண்டையும் அழித்துவிடுதல் என் கட்சி. வீட்டுச் சண்டை அயலுக்குக் கேளாதபடி ரேடியோவைக் கூட்டிவைப்பது போல, பிழைச்செய்திகளை மறைத்துப் படங்காட்டுபவை அவை.

படம் வரும், ஆனால் பலவேளை சிறுதிரையாகவே வரும். 800க்கு 600இல் ‘சரி’ என்னும் பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். ஆல்ட் விசையையோ, சில மேசைத்தளங்களில் விண்டோஸ் விசையையோ அமுக்கியபடி சாளரத்தை மேலே இழுத்தால் பொத்தான் அகப்படும். செய்த மாற்றமோ அந்த ஒரு தடவைக்கே செல்லும். உரிய டிரைவரை நிறுவும்வரை ஒவ்வொரு முறையும் இதே சடங்குதான்.

தமிழர்க்குச் சிறப்பு விதி ஒன்றுண்டு. படமற்ற வெறும் கட்டளைத்திரை 512 குறிகளுக்கு மேல் ஏற்காது, கொம்பையும் காலையும் மெய்யோடு சேர்த்தெழுதவும் அறியாது. அங்கே தமிழில் முறையிட்டுப் பயனில்லை.

திரையைத் திருத்தும் வழி திரையில்தான் எழுதியிருக்கும் என்பதால், சார்ஜ் ஏற்றிய போன் ஒன்றும், நிறுவப் பயன்பட்ட அதே பென்ட்ரைவும் கைவசம் இருத்தல் வேண்டும். அயல்வீட்டுக் கம்பஸ் பிள்ளை லீவில் வந்து நிற்கும் கிழமையாகப் பார்த்து நிறுவுக.