திருவருகைக் காலத் தள்ளுபடி

திருச்சி லூர்து மாதா ஆலயத்திலிருந்து என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக் கடைகளுக்கு நடந்தால் சில நிமிடம்தான். மறையுரை நடக்கும்போதே மனம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும், கால்தான் தாமதம்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். மனமாற்றத்தின் அடையாளமாகக் குருவானவர் ஊதா உடை அணிவார். 'இந்தக் கலரில் பட்டு வந்திருக்குமா?' என்று அதைப் பார்த்து யோசிக்கிற பக்தியும் உண்டு. மறையுரை பத்து நிமிடத்தைத் தாண்டினால் கடிகாரம் பார்க்கிறவர்கள், பில் போடும் வரிசையில் யோபுவின் பொறுமையோடு நிற்கிறார்கள். பக்கத்திலேயே ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசிக்குப் புடவை எடுக்க வந்தவர்கள். மதநல்லிணக்கம் கவுன்ட்டரில் தழைக்கிறது.

நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு பழைய கதை: தெப்பக்குளம் அருகே, லூதரன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் 1766-இல் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. 1826 ஏப்ரல் 3 விடிகாலையில் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் ஹீபர் அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். திரும்பி வந்து குளிக்க இறங்கியவர் நீரிலேயே இறந்தார்; வயது 42. இந்தியாவோடு ஆஸ்திரேலியாவும் அன்று அவருடைய மறைமாவட்டத்தில் சேர்த்தி. அவருக்கும் கொஞ்சம் வேலை இருந்திருக்கும்.

இன்றைய விசுவாசிக்குக் காலைப் பூசை 'ரொம்ப சீக்கிரம்', மாலைப் பூசை 'டிராஃபிக்'. டிசம்பர் 24 நள்ளிரவுப் பூசைக்கு மட்டும் குடும்பத்தோடு முன்வரிசையில் ஆஜர். எடுத்த பட்டைக் காட்ட ஓர் இடம் வேண்டாமா?