மலைக்குக் குடியேறலாமா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் ஊட்டியிலேயே தங்கிவிட ஆசை. அங்கே இருப்பவர்களுக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறதா?
– ஒரு வாசகி, சாரம், புதுச்சேரி

பதில்: பிடித்திருக்கிறது. சித்திரை வெயிலில் சாரமே வேகும்போது அவர்கள் ஸ்வெட்டரைத் தேடுவார்கள். மின்விசிறி இல்லாத வீடு, தோட்டத்திலிருந்து வரும் கேரட், தேநீரோடு மொறுமொறு வர்க்கி. வேறென்ன வேண்டும்?

ஆனால் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் பருப்பு உங்கள் பொறுமையைச் சோதிக்கும். மழைக்காலத்தில் துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. பீரோவுக்குள் பட்டுப்புடவை பூஞ்சை பிடிக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒவ்வொரு தெருவும் மாடிப்படிதான்.

உள்ளூர்க்காரர்களின் பெரிய குறை கோடைக் கூட்டம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அதற்கு நம்மைப் போன்ற விருந்தாளிகள்தான் காரணம். மண்சரிவு பயமும் உண்டு. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை அங்கே யாரும் மறக்கவில்லை. நெடுங்காலம் பெரிய சிகிச்சைக்குக் கோவைக்குத்தான் இறங்கினார்கள்; இப்போது ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது பெரிய ஆறுதல்.

மே மாத மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வீடு வாங்கிவிடாதீர்கள், அம்மா. முதலில் ஜூலை மழையில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.