பச்சையா, சிவப்பா, சிறுவாணியா?

பழைய கார் வைத்திருப்பவனுக்கு நம் ஊரில் ஆலோசனைப் பஞ்சமே கிடையாது. எஞ்சின் ஆயிலைப் பற்றி நாலு பேர் பேசினால், ரேடியேட்டரில் என்ன ஊற்றுவது என்பதைப் பற்றி நாற்பது பேர் பேசுவார்கள். ஆயிலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். தண்ணீர் எல்லார் வீட்டுக் குழாயிலும் வருகிறது. குழாயில் வருவதைப் பற்றி எல்லாருக்கும் கருத்து உண்டு.

எங்கள் வண்டி 1986-ம் வருஷத்து அம்பாசடர், மார்க் 4. மாமனார் ஓட்டியது. ஆர்.சி. புத்தகத்தை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாரே தவிர, வண்டி மேல் இருந்த அதிகாரத்தை மாற்றிக் கொடுக்கவில்லை. கூலண்ட் பற்றி அவருடைய கொள்கை மிகச் சுருக்கமானது: “சிறுவாணித் தண்ணி ஊத்துங்க மாப்ளே. உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணி.” ரேடியேட்டருக்கு ருசி தெரியுமா மாமா என்று கேட்கிற தைரியம் கோயமுத்தூரில் எந்த மருமகனுக்கும் கிடையாது.

அவரைச் சும்மா ஒதுக்கிவிடவும் முடியாது. போர் தண்ணீரோடு ஒப்பிட்டால் சிறுவாணியில் உப்பு குறைவு. ரேடியேட்டர் குழாய்க்குள் வெள்ளையாகப் படிவதும் குறைவு. இன்னொரு உண்மையும் அவர் பக்கம்தான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைகால் கலந்தால் சுமார் 3.5 போதும். அதாவது, சூட்டைச் சுமந்து போவதில் கூலண்டை விடத் தண்ணீரே கெட்டிக்காரன். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சொன்னேன். மாமனார் எதுவும் பேசவில்லை. இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தண்ணீரால் முடியாத காரியங்கள் வேறு. இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதே அதுதான். கொதிநிலையும் குறைவு. கிளைகால் தனியாக 197 டிகிரியில்தான் கொதிக்கும்; தண்ணீரோடு கலந்தால் கலவையின் கொதிநிலையை ஏற்றிவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் மலைப்பாதையில் கூடுதல் தைரியம். உறைவதைப் பற்றி பாட்டிலில் பெருமையாக அச்சடித்திருப்பார்கள்: பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. மார்கழி காலை 18 டிகிரிக்கே மங்கி குல்லாயும் மப்ளரும் தேடுகிற ஊரில் இது கொஞ்சம் அதிகப்படியான பாதுகாப்பு.

ஆக, நம் ஊரில் கூலண்ட் வாங்குவது அதில் கரைந்திருக்கும் துருத் தடுப்பு மருந்துக்காகத்தான். குழப்பம் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

மெக்கானிக்கிடம் கேட்டேன். “அதெல்லாம் புது வண்டிக்குத்தானுங்க சார். இதுக்கு வெறுந்தண்ணியே போதுமுங்க” என்றார். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்தவரும் அவர்தான். “நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க?” எஞ்சின் 82 டிகிரிக்கு வருகிற வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பது அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். ஆனால் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு அந்த வால்வின் மேல் ஏதோ பரம்பரைப் பகை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேள்வி இன்னும் எளிமையாக இருந்தது. “பச்சையா, சிவப்பாங்க?”

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?”

“பச்சைன்னா பழைய வண்டிக்கு. சிவப்புன்னா புது வண்டிக்கு.”

“நீலம்னா?”

“நீலம் ஸ்டாக் இல்லீங்க.”

நிறம் என்பது வெறும் சாயம். கிளைகாலுக்கு என்று சொந்த நிறம் கிடையாது. எந்தக் கம்பெனியும் எந்தச் சாயத்தையும் கலக்கலாம். உலகம் முழுவதற்கும் ஒரே விதி என்று ஒன்று இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1995-ல் டெக்ஸ்-கூல் என்று ஆரஞ்சு நிறத்தில் கொண்டுவந்தது. ஃபோக்ஸ்வாகன் கார்களில் ஜி11 நீலப்பச்சை, ஜி12 சிவப்பு. இரண்டும் கலந்தால் பழுப்பாகக் குழம்பிப்போய் ரேடியேட்டரையே அடைக்கும். ஜப்பான்காரர்கள் பச்சையிலும் விற்பார்கள், சிவப்பிலும் விற்பார்கள்.

குணம் மருந்தில் இருக்கிறது. பழைய வகைக்கு ஐஏடி என்று பெயர்: சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் உள்ளே இருக்கிற உலோகம் பூராவும் மெல்லிய படலமாகப் படிந்து காக்கும். வேகமாகச் செலவாகிவிடும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புது வகை ஓஏடி: கரிம அமிலங்கள், அரிப்பு தொடங்குகிற இடத்தில் மட்டும் போய் வேலை செய்யும். அவசரம் இல்லாத ஆசாமி, ஐந்து வருஷம் தாக்குப்பிடிப்பார். இரண்டையும் கலந்த கலப்பு வகையும் உண்டு. அதிலும் ஐரோப்பியர்கள் பாஸ்பேட்டைத் தவிர்ப்பார்கள், அங்கே தண்ணீர் கடினம், பாஸ்பேட் சேர்ந்தால் படிவு விழும். ஜப்பானியர்கள் சிலிக்கேட்டைத் தவிர்ப்பார்கள், வாட்டர் பம்ப்பின் சீல் தேயும் என்ற பயம்.

அம்பாசடருக்கு இரும்பு பிளாக், இரும்பு ஹெட், செம்பும் பித்தளையும் சேர்ந்த ரேடியேட்டர், மூட்டுக்கு மூட்டு ஈயப் பற்று. ஈயப் பற்றுக்கு ஓஏடி அவ்வளவாக ஒத்துவராது என்பது பழைய வண்டிக்காரர்களின் அனுபவம். ஐந்து வருஷக் கூலண்டை ஊற்றிவிட்டு ஐந்து வருஷமும் கவலைப்படுவதை விட, இரண்டு வருஷக் கூலண்டை ஊற்றிவிட்டுத் தூங்கலாம் என்று ஐஏடி பக்கம் சாய்ந்தேன். பாட்டிலின் முன்பக்கம் பார்க்காமல் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். கடைக்காரர் என்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து வந்தவன் போலப் பார்த்தார்.

வகையை மாற்றுவது என்றால் முதலில் உள்ளே இருப்பது வெளியே வர வேண்டும். ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தால் ஏறக்குறைய பாதிதான் வடியும். மீதி பிளாக்குக்குள் குடியிருக்கும். அம்பாசடரில் பிளாக்குக்கும் ஒரு வடிகுழாய் உண்டு. அதைத் திறந்தோம். ஒரு சொட்டு வரவில்லை. மெக்கானிக் கம்பியை விட்டுக் குடைந்தார். முதலில் துருச்சேறு, பிறகு நின்றது, பிறகு சுக்குக் காபி போல ஒன்று கொட்டியது. அதில் லேசாக மஞ்சள் வாசனை.

மாமனார் திண்ணையில் இருந்தபடியே விளக்கம் சொன்னார். எப்போதோ பழனிக்குப் போகிற வழியில் ரேடியேட்டர் ஒழுகியிருக்கிறது. மளிகைக் கடையில் மஞ்சள்தூள் வாங்கிக் கொட்டியிருக்கிறார். ஒழுகல் நின்றிருக்கிறது. “இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகலைங்க மாப்ளே.” லாரி டிரைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வைத்தியம் அது, தூள் தண்ணீரோடு சுற்றி வந்து ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஓட்டையை மட்டும் அடை, குழாயை விட்டுவிடு என்று அதற்குச் சொல்லிவைக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

கழுவிக் கழுவித் தெளிந்த தண்ணீர் வந்தபோது, தொட்டி மூட்டில் புதிதாக ஈரம் தெரிந்தது. துருவும் மஞ்சளும்தான் இத்தனை காலம் அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. மாமனார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். ரேடியேட்டர் கடைக்குப் போய்ப் பற்றவைத்து, ராடு விட்டுக் குழாய்களைக் குடைந்து, புது ஹோஸ், புது கிளிப், தெர்மோஸ்டாட்டும் திரும்ப. இந்தச் செலவுக்கு முன்னால் கூலண்ட் பாட்டிலின் விலை எங்கோ கீழே போய்விட்டது.

ஊற்றுவதிலும் கணக்கு உண்டு. கழுவிய தண்ணீர் பிளாக்கில் தேங்கியிருக்கும். அதன் மேல் கலந்து விற்கிற பிரீமிக்ஸை ஊற்றினால் நீர்த்துப்போகும். கான்சன்ட்ரேட்டைத்தான் முதலில் ஊற்ற வேண்டும். ரேடியேட்டரும் பிளாக்கும் சேர்ந்து பிடிக்கிற மொத்த அளவில் பாதிக்கு அது. மீதிக்கு பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டர். மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை ஓட விட்டால் காற்றுக் குமிழ் வெளியேறும். பழைய அம்பாசடரில் ரிசர்வ் டப்பா இல்லாததால் சூடானதும் மிச்சம் குழாய் வழியாகத் தெருவில் கொட்டும். கிளைகால் இனிக்கும், நாய் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய் உயிரே போகும். ஆகவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் குழாயோடு கட்டிவைத்தோம். வகை, தேதி, கான்சன்ட்ரேட் எவ்வளவு என்று பானெட்டின் உட்புறம் ஒரு சீட்டும் ஒட்டினேன்.

பழைய வண்டிக்கு உசத்தியான கூலண்ட் தேவையில்லை. இன்னதுதான் உள்ளே இருக்கிறது என்று அடுத்து மூடியைத் திறப்பவருக்குத் தெரிந்தால் போதும். இதை மெக்கானிக்குக்குப் பொறுமையாக விளக்கினேன். சிலிக்கேட், ஈயப் பற்று, பின்பக்கப் பொடி எழுத்து எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போன வாரம் இன்னொரு அம்பாசடர்க்காரர் அவரிடம் அதே கேள்வியைக் கேட்க, நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மெக்கானிக் என்னைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “பச்சை ஊத்துங்க சார். இவுங்க நல்லாப் படிச்சிட்டுத்தான் சொல்லியிருக்காங்க.”