கொசு போய்க் கம்பெனி வந்தது

இத்தாலியின் பலெர்மோ நகரக் கடற்கரையான மொண்டெல்லோ ஒரு காலத்தில் வெறும் சதுப்பு நிலம். கொசுக்கள் ஏழை, பணக்காரர் பார்க்காமல் மலேரியாவை விநியோகித்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சதுப்பை வடித்துச் சமத்துவத்துக்கு முடிவு கட்டினார்கள். 1910இல் இத்தாலி-பெல்ஜியக் கம்பெனி பிறந்தது. கடலுக்குள்ளேயே தூண் நட்டு, சீமான்கள் நீராட ஒரு மாளிகை எழுப்பியது. மண்ணில் கால்பட்டால் கௌரவம் கரைந்துவிடுமே! கரையிலோ கோடைதோறும் மர அறைகள் வரிசை கட்டின, எல்லாம் வாடகைக்கு.

இதே பலெர்மோவில் ஈழத்தமிழர் ஏராளம். அவர்கள் பக்கத்து பெல்லெக்ரினோ மலையேறிப் புனித ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள். அங்கே சைவர், கத்தோலிக்கர் பேதமில்லை. உறுப்பினர் அட்டையும் கேட்பதில்லை. பாவம், புனிதைக்குக் கம்பெனி நடத்தத் தெரியவில்லை.