பதினேழெட்டு எவ்வளவு?

வெளியூர்க்காரருக்கு நாமக்கல் என்றால் முட்டை, லாரி, மார்க். முட்டை இங்கிருந்து கேரளாவுக்கும் வளைகுடாவுக்கும் போகிறது. இங்கே பாடி கட்டிய லாரி இந்தியா முழுக்க ஓடுகிறது. மார்க் மட்டும் பார்சலில் வராது; அதற்கு நேரில் வந்து விடுதியில் தங்க வேண்டும். ஒரு காலத்தில் பிளஸ் டூ ரேங்க் பட்டியலில் நாமக்கல் பெயர் இல்லாவிட்டால்தான் அது செய்தி. எங்கெங்கிருந்தோ பெற்றோர்கள் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். பிளஸ் ஒன் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு ரெண்டு வருசமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த கதை தமிழ்நாட்டுக்கே தெரியும். 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அடுத்த ஆண்டே பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பேனரில் 'ஸ்டேட் ரேங்க்' இருந்த இடத்தில் 'நீட்' என்று ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பள்ளிக்கூடங்களைப் 'பிராய்லர் பள்ளி' என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் ஒரு தொழில்முறை ஆட்சேபம் உண்டு. பிராய்லர் என்பது கறிக்கோழி, அது பல்லடம் பக்கம். நாமக்கல்லில் பெரும்பாலும் லேயர், முட்டைக்கோழி. கேலி பண்ணுவதற்கு முன்னால் கோழியைச் சரியாகப் பார்க்க வேண்டாமா?

அப்படிப்பட்ட மாவட்டத்தில், துறையூர் ரோட்டில் இருக்கும் எருமப்பட்டியில், நாங்கள் பெண்ணையும் பையனையும் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிறோம். அதிலும் நான் முன்னாள் கணக்கு டீச்சர். விடுதியுள்ள பள்ளி ஒன்றில், விடிகாலை அஞ்சு மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளைகளுக்கு வகைநுண்கணிதம் ஊட்டியவள்.

பெரிய கொள்கை எதையும் படித்துவிட்டு ஆரம்பித்ததில்லை இது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தமிழ்நாடே வீட்டுக் கல்விக்கு வந்தது. கல்வித் தொலைக்காட்சி ஓடியது. பத்தாம் வகுப்புக்குப் பரீட்சையே இல்லாமல் எல்லாரும் பாஸ். அப்போது யாரும் யாரையும் பைத்தியம் என்று சொல்லவில்லை. பள்ளி திறந்ததும் ஊரே பெருமூச்சு விட்டுப் பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்பியது. எங்கள் மூத்தவள் அன்றைக்கு வாய்க்கால் ஓரம் ஏதோ பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அனுப்பலாம் என்றேன். வீட்டுக்காரரும் ஆகட்டும் என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

இதில் எனக்குத் தெரியவந்த விசயம் ஒன்றுதான். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வாத்தியார் ஒருத்தர், இன்ஸ்பெக்டர் ஊர் முழுக்க.

வேலை நாளில், காலை பத்து மணிக்கு, யூனிஃபார்ம் இல்லாத ஒரு பையன் கண்ணில் பட்டால் நாமக்கல் மாவட்டத்துக்காரருக்குக் கை அரிக்கும். டீக்கடையில் பால் வாங்கப் போன சின்னவனை மாஸ்டர் நிறுத்திவைத்துக் கேட்டார்.

"பள்ளிக்கோடம் போவலியா கண்ணு?"

"வீட்டுலயே படிக்கறனுங்க."

"அப்படியா? பதினேழெட்டு எவ்வளவு?"

"நூத்தி முப்பத்தாறுங்க."

மாஸ்டர் பாய்லர் பக்கம் திரும்பினார், பெஞ்சில் பேப்பர் படித்தவரைப் பார்த்தார். "ஏனுங்ணா, சரிங்களா?" அவர் செல்போனை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "பையன் சொன்னது சரிதான்" என்றார். மாஸ்டருக்குத் திருப்தி இல்லை. "பதினேழாம் வாய்ப்பாடு எல்லாருந்தான் சொல்லுவாங்க" என்றார்.

சலூனில், ரேசன் கடையில், துறையூர் பஸ்ஸில், எல்லா இடத்திலும் இதே. பதினாறாம் வாய்ப்பாட்டுக்குக் கீழே கேட்டால் அவர்களுக்கே கௌரவக் குறைவு. கண்டக்டர்கள் கொஞ்சம் தேவலை, அவர்களுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்பதுதான் முக்கியம். ஆனாலும் சில்லறை கொடுக்கும்போது மீதி எவ்வளவு என்று பையனைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். இதையெல்லாம் பார்த்து நான் ஆளுக்குத் தகுந்த பதில் வைத்துக்கொண்டேன். அவசரத்தில் இருப்பவருக்கு, 'லீவுங்க'. கொஞ்சம் தெரிந்தவருக்கு, 'ஓப்பன் ஸ்கூல்ங்க'. சொந்தக்காரருக்கு மட்டும் முழுக் கதை. அவர்கள் எப்படியும் முழுசாகக் கேட்காமல் விடமாட்டார்கள்.

என் மாமியாரிடம் ஓப்பன் ஸ்கூலை விளக்கிய மத்தியானம் மறக்காது. மத்திய அரசு 1989இல் ஆரம்பித்தது அத்தை, என்.ஐ.ஓ.எஸ். என்று பேர், 14 வயது முடிந்தால் நேராகப் பத்தாவது எழுதலாம், தமிழிலும் எழுதலாம் என்றேன். அதுவரை தலையாட்டினார். ஒரேயடியாக எல்லாப் பாடமும் எழுத வேண்டாம், அஞ்சு வருசத்துக்குள் ஒன்பது தடவை வாய்ப்பு உண்டு என்றதும் ஆட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்த தழைக்கட்டைக் கீழே வைத்தார்.

"ஒம்பது தடவையா? பரீட்சையா அம்மிணி அது? லாட்டரிச் சீட்டையே இந்த ஊர்ல நிறுத்திப்போட்டாங்க."

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி பாடி பட்டறையில் இருப்பவர். அவர் அம்மாவைச் சமாதானப்படுத்தக் காமராஜரைக் கூப்பிட்டார். அவரே பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்தானே, முதலமைச்சர் ஆகலையா என்று. வீட்டுக் கல்விக் குடும்பங்களில் எடிசன், தாகூர், காமராஜர் மூன்று படமும் கண்ணுக்குத் தெரியாமல் மாட்டியிருக்கும். மாமியார் அசரவில்லை. "படிக்க முடியாமப் போச்சேன்னுதான்டா அந்த மனுசன் ஊரு ஊருக்குப் பள்ளிக்கோடத்தைக் கட்டுனாரு. நீங்க அதைத் தாண்டிப் பஸ்ஸேறிப் போறீங்க" என்றார். இதற்கு எங்களிடம் இன்று வரை பதில் இல்லை.

ஆரம்பத்தில் நான் பழக்க தோசத்தில் அட்டவணை ஒன்று போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒன்பது மணி தமிழ், பத்து மணி கணக்கு என்று ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டி. வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து ஒரு இரும்புத் தகடு கொண்டுவந்து மணியாகத் தொங்கவிட்டார். அந்த அட்டவணையை வென்றது மின்வாரியம். எங்களுக்குச் சின்ன வெங்காயம் கொஞ்சம் காட்டில் உண்டு. மும்முனை கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும், அது வரும் நேரத்தில் வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் மண்வெட்டியோடு மடை மாற்ற ஓட வேண்டும். தமிழ் வகுப்பு நடக்கும்போது வந்தால் தமிழ் போச்சு. ராத்திரியில் வந்தால் மறுநாள் காலை மொத்தமும் போச்சு. இப்போது அட்டவணையின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுகிறோம். தகட்டை மாமியார் மயில் விரட்ட எடுத்துக்கொண்டார்.

சரி, படிப்பு எப்போதுதான் நடக்கிறது? நடக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள், எங்கள் கணக்குப் பாடத்தில் பாதி பேப்பரில் வரும் முட்டை விலை. 'கொள்முதல் விலை 5 காசு உயர்வு' என்று போட்டிருக்கும். அஞ்சு காசு நாணயத்தைப் பார்த்தே இராத சின்னவன் அதைக் கேவலமாகத்தான் பார்த்தான். அம்பதாயிரம் கோழி இருக்கும் பண்ணை, நூற்றுக்குத் தொண்ணூறு கோழி முட்டை வைக்கிறது, கணக்குப் போடு என்றேன். 45,000 முட்டை. அஞ்சு காசு ஏறினால் ஒரு நாளைக்கு 2,250 ரூபாய். அதற்கப்புறம் அஞ்சு காசுக்கு எங்கள் வீட்டில் மரியாதை வந்தது.

வில்லங்கம் 'மைனஸ்' வந்தபோதுதான். எங்கள் பக்கம் இது எல்லாருக்கும் தெரியும். முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஒரு விலை அறிவிக்கும், வியாபாரி அதில் இத்தனை காசு மைனஸ் என்று குறைத்துத்தான் எடுப்பார். எதிர்ம எண்ணுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடநூல் கழகமும் போடமுடியாது என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். பையன் கடைசி வரை கேட்டுவிட்டு, "விக்கிற விலை வேறயின்னா, எதுக்கும்மா அந்த விலையைப் பேப்பர்ல போடறாங்க?" என்றான். முப்பது வருசமாகப் பண்ணைக்காரர்கள் கேட்டு அலுத்த கேள்வி அது. அன்றைக்குக் கணக்கை அதோடு முடித்துக்கொண்டோம்.

மூத்தவளுக்குக் கணக்கு ஆகாது, உயிருள்ளதுதான் வேண்டும். மாமியாரின் நாட்டுக்கோழி அடைக்கு உட்கார்ந்தபோது, கடையில் வாங்கின அட்டையிலிருந்து மூன்று வெள்ளை முட்டையை எடுத்து யாருக்கும் சொல்லாமல் அதன் அடியில் செருகிவிட்டாள். கோழியும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு வாரம் போனதும் ராத்திரி கோழியைத் தூக்கிவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் எங்களையும் கூப்பிட்டாள். நாட்டு முட்டைக்குள்ளே நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து செந்நூலாக ரத்தக் குழாய்கள் கிளை பிரிந்து ஓடின. உற்றுப் பார்த்தால் புள்ளி லேசாகத் துள்ளியது. வெள்ளை முட்டையில் ஒன்றுமில்லை. டார்ச் வெளிச்சம் உள்ளே போய் மஞ்சளாக வெளியே வந்தது, அவ்வளவுதான். வீடே தரையில் உட்கார்ந்து பார்த்தது.

21ஆம் நாள் நாட்டு முட்டைகள் பொரிந்தன. வெள்ளை மூன்றும் அப்படியே கிடந்தன. அதில் ஒன்றை மாமியார் குப்பைமேட்டில் வீச, அது உடைந்து எழுந்த நாற்றத்தில் மத்தியானச் சோறு ஒத்திவைக்கப்பட்டது. பண்ணைக் கூண்டில் சேவலே கிடையாது, சேவல் சேராமலே பெட்டை முட்டை வைக்கும், ஆனால் அது குஞ்சாகாது என்று நான் விளக்கினேன். "இதைத்தான் நான் அன்னைக்கே சொல்லியிருப்பேனே, எங்கிட்டக் கேட்டாளா?" என்றார் மாமியார். மூத்தவள் நோட்டில் படம் போட்டுத் தேதி எழுதிக்கொண்டாள். நான் எழுதச் சொல்லாமலே அவள் எழுதிய முதல் அறிவியல் பாடம் அது.

பின்விளைவு ஒன்றும் இருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில், வழக்கம்போலப் பெரியப்பா முறையுள்ள ஒருவர் சின்னவனிடம் பதினெட்டாம் வாய்ப்பாடு கேட்டார். இவன் சொல்லிவிட்டு, "பெரியப்பா, முட்டை வைக்கச் சேவல் வேண்டாம்னா, சேவல் எதுக்குங்க?" என்று பந்திக்கே கேட்கிற மாதிரி கேட்டான். பெரியப்பா ரசம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்துச் சொந்தத்தில் அதற்கப்புறம் யாரும் அவனிடம் கேள்வி கேட்பதில்லை.

நிஜமான ஆய்வும் ஒரு தடவை வந்தது. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் டீச்சர் ஒருவர், வெயிலில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். 2009இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி என்கிறது. அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதில் ஒரு பிரிவும் இருக்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் மூச்சு. டீச்சர் படிவத்தை எடுத்தார். ஏன் போகவில்லை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வேலைக்குப் போகிறார்களா, இல்லை. இடம் பெயர்ந்தார்களா, இல்லை. உடம்புக்கு ஏதாவது, இல்லை. "அம்மாவே டீச்சர்னு போட எடமில்லையேங்க" என்றார். கடைசியில் 'இதர' என்று எழுதிக்கொண்டார். மோர் குடித்தார். மூத்தவளின் கோழி நோட்டைப் புரட்டிப் பார்த்து, டார்ச் அடித்த பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார், தன் வகுப்பில் காட்டுவதற்கு.

வாசலில் வண்டியைத் திருப்பும்போது பின்னாலிருக்கும் பண்ணையைக் காட்டி, அங்கே பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். உண்டு. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். எங்கள் சின்னவன் ஒடியாவில் பத்து வரை எண்ணுவது அந்தப் பிள்ளைகளிடம் கற்றதுதான். அவர்களும் பள்ளிக்குப் போவதில்லைதான். ஆனால் அவர்களிடம் யாரும் பதினேழெட்டு கேட்டதில்லை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருப்பது எங்கள் சௌகரியம், அவர்கள் இருப்பது வேறு வழியில்லாமல். ரெண்டையும் ஒரே படிவத்தில் எழுதினால் பேனா நிற்கத்தான் செய்யும். சின்னவனை வழிகாட்ட டீச்சரோடு அனுப்பினேன். ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளர் என்ற பெருமையோடு போனான். தெரிந்த பத்துச் சொல்லும் எண்கள் என்பதை டீச்சரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் எங்கள் வீடு பள்ளிக்கூடமாகும். தெருப் பிள்ளைகள் வேனை விட்டு இறங்கி, பையைக்கூட வைக்காமல் நேராக இங்கே வருவார்கள். அவர்களுக்குப் புராஜெக்ட் உண்டு, செய்ய நேரமில்லை. எங்கள் வீட்டில் நேரம் உண்டு, புராஜெக்ட் இல்லை. எரிமலை மாடலுக்குப் பத்து ரூபாய், தெர்மாகோல் இதயத்துக்குப் பதினைந்து, சார்ட்டுக்கு ரெண்டு முறுக்கு. பட்டறையில் மிஞ்சின ஒட்டுப்பலகையும் பெயின்ட்டும் இருப்பதால் சரக்குச் செலவு இல்லை. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்ப நாள் தெரியாது. வீட்டில் முறுக்கு எப்போதும் இருக்கிறதே என்று மட்டும் நினைத்திருக்கிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா கையில் எரிமலையோடு வந்தார். உச்சியில் சிவப்புப் பெயின்ட், அடிவாரத்தில் கொல்லிமலை ரோடு மாதிரி கொண்டை ஊசி வளைவெல்லாம் போட்டு, ஒரு குட்டி லாரிகூட நின்றது. ஓரத்தில் 'முதல் பரிசு' என்று பச்சை மசியில் எழுதி டீச்சர் கையெழுத்து.

"பாருங்க, எம் பையன் பண்ணுனது" என்று திண்ணையில் வைத்தார். பிறகு சின்னவன் பக்கம் திரும்பினார். "பாத்துக்கடா கண்ணு. பள்ளிக்கோடம் போனாத்தான் இந்த மாதிரியெல்லாம் செய்ய வரும்."

சின்னவன் எரிமலையை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தான். "நல்லாருக்குங்க பெரியம்மா" என்றான். அந்தம்மா உள்ளே திரும்பி என்னோடு பேச ஆரம்பித்ததும், வாசலில் நின்ற அவர் மகனிடம் மெதுவாக, "லாரிக்குத் தனியா அஞ்சு ரூபா பாக்கி இருக்குடா" என்றான்.