துருவைச் சுரண்டித் துரு வாங்கிய கதை

சைக்கிளுக்கு வர்ணம் பூசுவது அரை நாழிகைக் காரியம். அதை வர்ணம் பூசத் தக்கதாக்குவதோ பிரம்மப் பிரயத்தனம். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் ஆண்டுதோறும் முறைவைத்து வருவதாலும், மணக்குடிக் கடற்காற்று எட்டும் தொலைவில் ஊர் அமைந்திருப்பதாலும், கோட்டாற்றில் இரும்பு உடையவன் எவனும் துருவுக்கு நித்திய கைங்கரியம் செய்பவனே.

என் தகப்பனார் வைத்துப்போன ராலே வண்டி நாட்டிங்காமில் பிறந்தது. அதன் சக்கரங்களையும் செயினையும் கழற்றி, பேரிங் குண்டுகளைச் சிரட்டையிலே மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டேன். வலது பெடல் உலக வழக்கப்படி இடப்பக்கம் திருகக் கழன்றது. இடது பெடலோ, மிதிக்க மிதிக்கத் தளர்ந்துவிடாதிருக்கும் பொருட்டு வாமாசாரத்தைக் கைக்கொண்டிருப்பதாகையால், வலப்பக்கம் திருகினால்தான் இசைந்தது.

உப்புத்தாள் கொண்டு தேய்க்கத் தொடங்கியதும் சரித்திரம் வெளிப்பட்டது. மேலே பச்சை, அதன்கீழ் நீலம், அடியில் ஆதிக் கறுப்பு. பாண்டியர், சோழர், வேணாட்டார், திருவிதாங்கூர் மகாராஜாக்கள் என்று ஒருவர்மேல் ஒருவராக ஆள, இடையில் மும்முடிச்சோழநல்லூர் என்று பெயரும் பெற்று, 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த ஊரிலே, சைக்கிள் மட்டும் ஒரே நிறத்தில் நிலைத்திருக்குமா?

உப்புத்தாளுக்கு ஒரு தர்மம் உண்டு. எண் உயர உயர முரட்டுத்தனம் குறையும். 80-ஆம் எண் தோலை உரிக்கும், 400-ஆம் எண் தடவிக்கொடுக்கும். பதவி ஏற ஏறப் பரிவு பெருகும் இம்முறையை நம் உத்தியோக உலகில் நான் கண்டதில்லை.

திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அண்ணாச்சி சகிக்கமாட்டாமல், "வே, மேலோட ஒரு கோட்டு அடிச்சாப் போராதா? உள்ள இருக்கத யாரு பாக்கப் போறா?" என்றார்.

"துரு பாக்கும், அண்ணாச்சி" என்றேன்.

இரும்பு பளபளத்ததும், ஈரக்காற்று தீண்டுமுன் முதற்பூச்சு இட்டாக வேண்டும். கடையில் ரெட் ஆக்சைடு வாங்கிவந்தேன். அதன் செம்மைக்குக் காரணம் யாதென்று விசாரித்தால், அதுவும் இரும்பு ஆக்சைடே. அதாவது வியர்வை சிந்திச் சுரண்டியெறிந்த துருவின் தாயாதியையே காசு கொடுத்து அழைத்துவந்து, அதே ஆசனத்தில் அமர்த்துகிறோம். துரு நீரோடு சகவாசம் செய்து பொருக்காக உதிர்வது. இதுவோ எண்ணெயில் கட்டுண்டு, நீரையும் காற்றையும் அண்டவிடாமல் காப்பது.

இந்தச் சூட்சுமத்தை விஸ்தாரமாக விளக்கினேன். அண்ணாச்சி, தரையில் குவிந்து கிடந்த செந்தூளைச் சற்று நேரம் நோக்கிவிட்டு, "அப்போ இதையே எண்ணெயில குழைச்சு அடிச்சிருந்தா, அந்தக் காசு மிச்சம்லா வே?" என்றார்.

கோட்டாறு வியாபாரத்துக்குப் பேர்போனது எதனால் என்பது எனக்கு விளங்கிற்று.