தாய்மாமன் தலையளவும் மாணவன் தேர்ச்சியும்: திண்ணனூர் நாட்டுப் பேனர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

கிராஃபிக் டிசைன் படிக்கும் ஒருவன் எவ்வளவு தேறியிருக்கிறான் என்பதை எதைக் கொண்டு அளப்பது? மதிப்பெண்ணைக் கொண்டு என்பார் ஆசிரியர். வேலை கிடைத்ததா என்பார் அப்பா. இவ்விரண்டும் நம்பத்தகாத கருவிகள் என்பது இக்கட்டுரையின் துணிபு. கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றான திண்ணனூர் நாட்டிலிருந்து இறங்கிப்போய் டிசைன் படிக்கும் பிள்ளைக்கு அளவுகோல் வேறு. லீவில் வந்து அவன் போட்டுத்தரும் காதுகுத்து ஃப்ளெக்ஸில் தாய்மாமன் தலை எத்தனை அங்குலம் இருக்கிறது? அதுவே அளவுகோல்.

மூலச் சான்றுகள் இரண்டு. ஒன்று, 'இந்தப் பருவத்தில் நான் கற்றது' என்று ஒவ்வொரு பருவ முடிவிலும் மாணவன் எழுதி ஒப்படைக்க வேண்டிய குறிப்பேடு. மற்றொன்று பேனர்களே. ஓலைச்சுவடியைக் கரையான் தின்றது. ஃப்ளெக்ஸைத் தின்ன இன்னும் ஒரு பூச்சி பிறக்கவில்லை. விசேஷம் முடிந்த மறுநாள் அது மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், மிளகு காயப்போட விரிப்பாகும். ஆய்வாளன் செய்ய வேண்டியதெல்லாம், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, மாமன் முகத்திலிருந்து மிளகைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு டேப்பை வைப்பதுதான்.

இனி, முன்னோர் கருத்து. 1919-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி, வேண்டாத அலங்காரத்தை விலக்கச் சொன்னது. 1928-இல் யான் சிக்கோல்ட் என்பவர் புதிய அச்சுக்கலை பற்றி எழுதிய நூலில், எல்லாவற்றையும் நடுவில் நிறுத்துகிற வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். அவரே பிற்பாடு இங்கிலாந்து போய்ப் பெங்குவின் புத்தகங்களை வடிவமைத்தபோது நடுவில்தான் நிறுத்தினார் என்பது வகுப்பில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. இவர்கள் எவருக்கும் கல்யாணப் பேனர் போட்டுப் பழக்கமில்லை. ஆகவே இவர்கள் கருத்து இங்கே ஓரளவே கொள்ளப்படும்.

முதற்பருவத்தில் மாணவன் கற்பது வெற்றிடம். அந்தப் பருவத்துக் குறிப்பேட்டில் அதைத் தவிர வேறு சொல்லே இல்லை. பத்துக்கு எட்டு பேனரில் குழந்தை படம் ஒன்று, பெயர், தேதி, இடம், மிச்சமெல்லாம் இளமஞ்சள். தாய்மாமன் தலை இரண்டு அங்குலம், அதுவும் கீழ்மூலையில். இதற்கு வந்த எதிர்வினை அப்படியே தரப்படுகிறது.

"ஏன்டா மாப்ள, பத்துக்கு எட்டு எம்பது சதுர அடி. எம்பதுக்கும் காசு குடுத்தாச்சு. இதுல பாதி சும்மா கெடக்கே, பட்டா இல்லாத நெலமாடா அது?"

"அது வெற்றிடம் மாமா. கண்ணுக்கு ஓய்வு வேணும்ல."

"ஓய்வா? உங்க பெரியப்பன் ரிட்டயர் ஆயிட்டாருல்ல, அவரப் போடு அங்க."

இந்த வாதத்தை மறுக்கப் பௌஹவுஸிடம் பதிலில்லை. சதுர அடிக் கணக்கில் காசு வாங்கும் தொழிலில் வெற்றிடம் என்பது வாடிக்கையாளர் பணத்தில் டிசைனர் எடுத்துக்கொள்ளும் ஓய்வு.

இரண்டாம் பருவம் எழுத்துரு. இதை விரைந்து கடக்கலாம். ஆனால் ஒரு செய்தியை விட மனமில்லை. அழைப்பு வாசகம் வாட்ஸப்பில் யூனிகோடில் வருகிறது. அடிவாரத்து அச்சகத்தில் இருப்பதோ பழைய கோரல் டிரா. அதில் 'கொல்லிமலை' என்று ஒட்டினால், 'கொ'வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்காது. பின்னால் வந்து ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். 'லை'யின் கதியும் அதுவே. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தி லை, ணா, றா முதலியவற்றை ஒழுங்குபடுத்தியது; கோரல் டிராவுக்கு அந்த அரசாணை போய்ச் சேரவில்லை போலும். ஆக, வகுப்பில் கேடமரன், முக்த மலர் என்று எழுத்துருக்களின் அழகை ஒப்பிட்டுப் பக்கம் பக்கமாக எழுதிய மாணவன், கடையில் யூனிகோடைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிட்டு, கொம்பு இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்க்கிறான். இப்பருவத்தில் மாமன் தலை ஏழு அங்குலம்.

மூன்றாம் பருவமே இவ்வாய்வின் உயிர்நிலை. இதில் மாணவன் இரண்டு பாடம் படிக்கிறான். முதலாவது, காட்சிப் படிநிலை: எது முக்கியமோ அது பெரிதாக, மேலே, முதலில் கண்ணில் படவேண்டும். இரண்டாவது, 1923-இல் மாக்ஸ் வெர்தைமர் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் அண்மை விதி: பக்கத்தில் பக்கத்தில் வைத்தவற்றைக் கண் ஒரு கூட்டமாகவே பார்க்கும். சக மாணவர்கள் இதை விளங்கிக்கொள்ளக் கறுப்பு வட்டங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது, நம் மாணவனுக்கு ஊர் நினைவு வந்திருக்கிறது. குறிப்பேட்டில் பாதி வரியை அடித்துவிட்டு, "இது எங்க ஊரில் எல்லோருக்கும் தெரியுமே" என்று எழுதியிருக்கிறான்.

தெரியும்தான். காதுகுத்துப் பேனரை உற்றுப் பாருங்கள். மேல்வரிசையில் காலமானவர்கள், சின்ன வட்டத்துக்குள், ஒளிவட்டத்தோடு. ஒரு பக்கம் பங்காளிகள், மறுபக்கம் மாமன் மச்சான்கள்; நடுவே குழந்தை. சீர் கொண்டுவருகிற தாய்மாமனுக்கு முழு உருவம், பெரியப்பாவுக்கு இடுப்புவரை, சித்தப்பாவுக்கு மார்புவரை, நண்பர் குழாமுக்குக் கழுத்துவரை. முறை தள்ளத் தள்ள உடம்பு குறைகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்தப் படத்தைப் பார்த்து யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லிவிடுவார். அண்மை விதியும் அப்படியே. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத இருவரை அடுத்தடுத்து வைக்கக் கூடாது என்று வெர்தைமரைப் படித்தா மாமன் சொன்னார்?

இங்கே உடம்பைப் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். வாட்ஸப்பில் வரும் போட்டோவில் தலை மட்டுமே தேறும். அதனால் டிசைனர் கைவசம் கோட்டு சூட்டு போட்ட உடம்பு ஒன்று எப்போதும் இருக்கும். பலாவும் மிளகுமாகத் தோட்டத்திலேயே காலம் கழித்த மனிதர் நீல நிறக் கோட்டில் கைகட்டி நிற்பார். கழுத்து நிறமும் முக நிறமும் ஒன்றுசேரும்படி நிறம் திருத்தும் வளைகோட்டைத் திரையில் இழுத்துச் சரிசெய்வதில் மாணவன் செலவிட்ட நேரம், எந்தப் பாடத்திட்டத்திலும் கணக்கில் வராத நேரம்.

அச்சான ஃப்ளெக்ஸ் சுருளாகப் பஸ்ஸில் 70 கொண்டைஊசி வளைவு ஏறி வருகிறது. இந்தக் கொல்லிமலையின் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை தொடங்கி உடும்புவரை தைத்ததாகப் புறநானூறு பாடுகிறது; ஒரே பேனரில் இத்தனை உறவையும் ஒருவர் மனமும் கோணாமல் தைப்பது அதனினும் அரிது என்க.

இத்தனை முகங்களைப் போடுவதற்கு ஒரு தடை எழுப்பலாம். 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, உயிரோடு இருப்பவர்கள் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று உத்தரவிட்டார். அது மேல்முறையீட்டுக்குப் போனது. அவ்வுத்தரவின்படி நடந்திருந்தால் மேல்வரிசை ஒளிவட்டக்காரர்கள் மட்டுமே மிஞ்சியிருப்பார்கள், வெற்றிடமும் தானாகக் கிடைத்திருக்கும். மாணவனின் முதற்பருவக் கொள்கைக்கு நாட்டில் கிடைத்த ஒரே சட்ட ஆதரவு அதுதான்.

இறுதிப் பருவப் பேனரில் தாய்மாமன் முழு உருவம், தலை மட்டும் பதினான்கு அங்குலம். அடியில் பன்னிரண்டு பத்தி கொண்ட கட்டம் ஒன்று மறைந்திருக்கிறது. எந்தத் தலையும் கோடு தாண்டவில்லை. ஆசிரியர் அதற்கு நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, வலது ஓரத்தில் ஒருவருக்கு உருவம் கழுத்தோடு நின்றுவிட்டதே, சமநிலை கெடுகிறதே என்று மட்டும் கேட்டிருக்கிறார். அந்த ஒருவர் மாணவனின் சித்தப்பா. மார்புவரை உரிமையுள்ளவர், கடைசி நேரத்தில் இடமில்லாமல் போயிற்று. "அடுத்த பேனர்ல முழுசா போட்டுடறேன் சித்தப்பா" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிச் சமாளித்திருக்கிறான். அடுத்த விசேஷம் தை மாசம், மாமன் வீட்டில்.